ஒப்பீட்டுக்கு என் தொடை

பிப்ரவரி 4

அக்கா,

என் எண்ணை உன் போனில் தடுத்து வைத்து இன்றோடு பத்தொன்பது நாள். மாமாவைக் கூப்பிட்டால், "உங்க சண்டைக்குள்ள என்னை இழுக்காதீங்க மாப்ளே. கடிதம் போட்டா படிக்கிறாளாம். கடிதத்துல நீங்க குறுக்கே பேச முடியாதாம்" என்கிறார். சரி, எழுதுகிறேன். நலம் விசாரிப்பெல்லாம் வேண்டாம், விஷயத்துக்கு வருகிறேன்.

அன்று சாப்பாட்டு மேசையில் நான் சொன்னது தப்பில்லை, சொன்ன இடம்தான் தப்பு. "இன்னும் அஞ்சு வருஷத்துல உன்னால ஏணி ஏற முடியாது" என்பதை மாமா முன்னால் சொல்லியிருக்கக் கூடாது. உன் கால் தளர்வது அவருக்கு அதுவரை தெரியாது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

இப்போது நல்ல செய்தி. நவம்பரில் உன் தொடையில் ஊசி போட்டு அரிசி அளவுக்குச் சதை எடுத்தோம் அல்லவா, அதிலிருந்த ஸ்டெம் செல்கள் தட்டில் நன்றாக வளர்ந்துவிட்டன. இவை தசை நாரின் ஓரத்தில் தூங்கிக்கொண்டிருப்பவை. நார் கிழிந்தால் எழுந்து வந்து ஒட்டுப்போடுவது இவைதான்.

ஒவ்வொரு செல்லிலும் குப்பை சேரும். கெட்டுப்போன புரதம், உடைந்த பாகங்கள். செல் அதைப் பைகளில் அடைத்து, கரைத்து, தானே தின்றுவிடும். இதற்குத் தன்னுண்ணல் என்று பெயர். அம்மாவின் வியாதி, இப்போது உன் வியாதி, எல்லாம் இந்தக் குப்பை சரியாகப் போகாததுதான் என்று நினைக்கிறோம். வேலையைத் தொடங்கி வைப்பது படியெடுப்புக் காரணி என்ற ஒரு புரதம். உங்கள் கிடங்கு சூப்பர்வைசர் மாதிரி வைத்துக்கொள். செல்லுக்கு வயிறு நிறைந்திருந்தால் அவர் உட்கருவுக்கு வெளியே சும்மா உட்கார்ந்திருப்பார். பசி வந்தால் எழுந்து உள்ளே போவார், குப்பைப் பை செய்யும் ஜீன்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்புவார்.

உன் செல்களில் இந்த ஆள் உள்ளே போகாமல் நின்றுவிட்டாரோ என்பதுதான் என் பயம். அவரை ஒளிரவைத்து, செல்களைப் பட்டினி போட்டுப் பார்த்தேன். இருபத்தைந்தே நிமிடம், உள்ளே போய்விட்டார். பைகளும் வந்தன. ஒரு செல்லுக்குச் சராசரி நாற்பத்தொன்று.

ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஒருவரின் தசை வேண்டும். வெளி ஆள் என்றால் அனுமதி வர மூன்று மாதம். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை என்பது உனக்கே தெரியும். என் தொடையிலேயே ஊசியைப் போட்டுக்கொண்டேன். இரண்டு நாள் நொண்டினேன். என்னுடையதில் முப்பத்தொன்பது. ஆக, நீயும் நானும் ஒன்று. உன் செல் பசித்தால் என் செல் போலவே சுத்தம் செய்கிறது.

இன்னொரு சோதனை பாக்கி இருந்தது. பைகளைக் காலி செய்ய விடாமல் தடுக்கும் ஒரு மருந்தைப் போட்டால் எண்ணிக்கை இரண்டு மடங்காக ஏற வேண்டும். ஏறவில்லை. என் செல்லிலேயே ஏறவில்லை என்றால் மருந்து செத்துவிட்டது என்று அர்த்தம். பக்கத்து மேசைக்காரி புட்டியைக் குளிர்ப்பெட்டிக்கு வெளியே விட்டிருப்பாள். எதை எடுத்தாலும் சந்தேகப்படுவதால் அவளுக்கு இங்கே 'சந்தேகம்' என்றே பெயர். அவளோடு ஒரு சண்டை போட்டுவிட்டு அந்தச் சோதனையை விட்டுவிட்டேன். முக்கியமானது கிடைத்துவிட்டதே.

தம்பி


பிப்ரவரி 11

தம்பிக்கு,

மன்னிப்புக் கடிதம் என்று பிரித்தேன். பாடப்புத்தகம் வந்திருக்கிறது. பரவாயில்லை, நீ மன்னிப்புக் கேட்டிருந்தால்தான் உனக்குக் காய்ச்சலோ என்று பயந்திருப்பேன்.

நீ என் கால்களைப் பற்றி எழுதுகிறாய். அந்தக் கால்கள் எங்கே ஏறுகின்றன என்று நீ ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. என் கிரேன் கேபின் பதினெட்டு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. செங்குத்தான ஏணி, சுற்றிலும் கூண்டுக் கம்பி, அறுபத்திரண்டு படி. பதினொரு வருடமாக ஏறுகிறேன். முதலில் விசிலடித்துக்கொண்டே ஏறுவேன். இப்போது இருபதாவது படியில் நின்று கையுறையைச் சரிசெய்கிறேன். நாற்பத்தைந்தில் நின்று, கீழே எனக்குக் கைகாட்டும் சிக்னல்காரரிடம் எதையாவது கேட்கிறேன். "என்னக்கா, எப்பப் பாத்தாலும் பாதி ஏணில நின்னு ஊர்க்கதை?" என்று அவர் சிரிக்கிறார். அவர் சிரிக்கும் வரை சரி.

மேலே போய் உட்கார்ந்துவிட்டால் நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை. எட்டு டன் இரும்புச் சுருளை முட்டை வைப்பது போல் இறக்குவேன். அதற்குக் கைதான் வேண்டும். ஆனால் கேபினுக்குப் போகக் கால் வேண்டும்.

மார்ச் 20-ம் தேதி உடல்தகுதிச் சோதனை. கம்பெனி டாக்டர் கடிகாரத்தோடு கீழே நிற்பார். நான்கு நிமிடத்துக்குள், நிற்காமல், மேலே போக வேண்டும். போகாவிட்டால் கேபின் போச்சு. அம்மாவை நினைத்துப் பார்க்கிறேன். நாற்காலியிலிருந்து எழ மேசையைப் பிடிப்பாள், அப்புறம் நம்மைப் பிடிப்பாள், கடைசியில் எழுவதையே விட்டுவிட்டாள். நான் அந்த நாற்காலியில் உட்காரத் தயாரில்லை.

ஒரே ஒரு கேள்வி. செல் பசித்தால் குப்பை போகும் என்கிறாய். நான் பசித்தால்? ஆமாம் அல்லது இல்லை என்று எழுது. விரிவுரை வேண்டாம்.

அக்கா


பிப்ரவரி 16

அக்கா,

ஆமாம். கொள்கையளவில்.

எலியைப் பட்டினி போட்டால் அதன் தசையிலும் இதே காரணி உட்கருவுக்குள் போகிறது, இதே பைகள் வருகின்றன. ஆனால் எலிக்கு ஒரு நாள் பட்டினி என்பது உனக்குப் பல நாள். நேரடியாகப் பொருத்த முடியாது. ராத்திரிச் சாப்பாட்டை விட்டுப் பார்ப்பதென்றால் பார், அதில் கெட்டுப்போக ஒன்றுமில்லை. அடுத்த வாரம் மாநாடு, உன் செல்களும் என் செல்களும்தான் என் முதல் படம். தலைக்கு மேல் வேலை. போன் தடுப்பை எடு.

தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

வேலை செய்கிறது.

பிப்ரவரி இருபதிலிருந்து ஒரு நாளைக்கு ஒரே வேளை, மதியம் மட்டும். உன் மாமாவிடம் கிடங்கிலேயே சாப்பிட்டேன் என்கிறேன். கிடங்கில் வீட்டில் சாப்பிடுவதாகச் சொல்கிறேன். பொய் சொல்வதற்குத்தான் அதிகச் சக்தி செலவாகிறது. நான்கு கிலோ குறைந்திருக்கிறேன். முதல் வாரம் ஒரே ஒரு இடத்தில் நின்று மேலே போனேன். இறங்கி வந்து கழிவறையில் தனியாகச் சிரித்தேன். உன் சூப்பர்வைசர் எழுந்து உள்ளே போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த நான்கு நாளாகத் தொடையில் ஒரு நடுக்கம். நேற்று ஐம்பதாவது படியில் கால் மடங்கிவிட்டது. ஒரு கையில் தொங்கி, முதுகு கூண்டுக் கம்பியில் மோதி நின்றேன். சிக்னல்காரர் கீழே இருந்து, "அக்கா, கையை விட்டுடாதீங்க, அப்படியே இருங்க" என்றார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. கிரீஸ் வழுக்கிவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

குப்பை வெளியேறும்போது இப்படி நடுக்கம் வருவது இயல்புதானே? இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது. அதனால் நாளையிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் மட்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். உன் எலிகள் தாங்கியதை நான் தாங்க மாட்டேனா?

அக்கா


மார்ச் 5
விரைவுத் தபால்

அக்கா,

நிறுத்து. இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு சாப்பிடு. நடுக்கம் இயல்பு இல்லை. ஏணிப் பக்கம் போகாதே, விடுப்பு எடு. பட்டினி உனக்கு உதவாது, கெடுக்கும்.

நான் அனுப்பிய முடிவு தப்பு. ஒப்பீட்டுச் செல்கள் சரியில்லை. இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத முடியும். மாமாவிடம் நானே பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

தம்பி


மார்ச் 8

தம்பிக்கு,

மாமாவிடம் பேசினாய். நன்றி. அவர் நேற்று சமையலறை வாசலில் தட்டோடு நின்றார்.

"சாப்பிடு."

"பசிக்கல."

"பதினாறு நாளா பசிக்கலையா? உன் தம்பி சொல்றான், நீ எலி மாதிரி இருக்கப் பாக்கிறியாம்."

"எலியாவது அவனை நம்பிக் கூண்டுக்குள்ள போகல. பிடிச்சுப் போட்டாங்க. நான் நானாவே போனேன்."

அவர் தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அது விடியும் வரை அங்கேயே இருந்தது. மாமாவை நீ பயமுறுத்தியதற்கு ஒரு கணக்கு, அவரிடம் என்னை மறுபடி காட்டிக்கொடுத்ததற்கு ஒரு கணக்கு. இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்வோம்.

இப்போது உன் ஏழு வரிக் கடிதத்துக்கு வருகிறேன். நீ ஆறு வயதில் ரேடியோவைப் பிரித்தபோதுகூட, அது ஏன் இனிப் பாடாது என்று ஒரு மணிநேரம் விளக்கினாய். காரணம் சொல்லாமல் நீ ஒரு வாக்கியம் எழுதி நான் பார்த்ததில்லை. 'இவ்வளவுதான் எழுத முடியும்' என்று நீ எழுதினால் நான் அதற்குமேல் இருப்பதைத்தான் தேடுவேன். முதல் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். நான்கு தடவை படித்தேன்.

ஒப்பீட்டுச் செல்கள் சரியில்லை என்கிறாய். ஒப்பீட்டுக்கு எடுத்தது உன் தொடை.

தட்டில் பூஞ்சை பிடித்ததா? லேபிளை மாற்றி ஒட்டினாயா? அப்படி என்றால் அதை எழுத உனக்கு என்ன தயக்கம்? பாதிப் பக்கம் 'சந்தேகத்தை'த் திட்டியிருப்பாய். நீ யாரையும் திட்டவில்லை.

உன் தசையில் என்ன இருக்கிறது? எனக்கு எழுது. என்னிடம் பதினைந்து வருடம் முன்னால் அம்மா "ஒண்ணுமில்லடி, வெறும் அசதி" என்றாள். அந்தப் பதிலை இன்னொரு தடவை வாங்க மாட்டேன்.

நீ பதில் எழுதும் வரை நான் தண்ணீர்தான். மிரட்டல் என்று வைத்துக்கொள். உன்னிடம் வேறெதுவும் எடுபடாது.

அக்கா


மார்ச் 10
விரைவுத் தபால்

அக்கா,

முதலில் சாப்பிடு. அப்புறம் படி. பட்டினியோடு படித்தால் இது இன்னும் மோசமாகத் தெரியும்.

'சந்தேகம்' மூன்று மாதத்துக்கு முன்பே, யாரிடமும் சொல்லாமல், வெளி ஆள் தசைக்கு விண்ணப்பம் போட்டு வைத்திருந்தாள். மூட்டு அறுவை செய்துகொண்ட ஒருவரிடமிருந்து துணுக்கு கிடைத்தது. செல் வளர்த்து, 'செத்துவிட்டது' என்று நான் ஒதுக்கிய அதே புட்டி மருந்தைப் போட்டிருக்கிறாள். மாநாட்டிலிருந்து திரும்பியதும் என்னை மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தாள்.

அந்த ஆளின் செல்லில் பசித்தபோது பைகள் பதினெட்டு. மருந்து போட்டதும் நாற்பத்து நான்கு. அதாவது அவன் செல் பைகளைச் செய்யச் செய்யக் காலி செய்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் சாதாரணமாகப் பார்த்தால் பதினெட்டுதான் தெரிகிறது. காலி செய்வதைத் தடுத்தால்தான் உண்மையான எண்ணிக்கை வெளியே வரும்.

உன்னுடையதில் நாற்பத்தொன்று, மருந்து போட்டால் நாற்பத்திரண்டு. எதையும் காலி செய்யாத செல்லில் தடுப்பதற்கு என்ன இருக்கிறது? சூப்பர்வைசர் ஒழுங்காக உள்ளே போகிறார், ஆட்களை எழுப்புகிறார், அவர்கள் பைகளை நிரப்பி வாசலில் அடுக்குகிறார்கள். ஏற்றிப் போக லாரி வரவில்லை. காரணியில் கோளாறே இல்லை, அதற்கு அடுத்த இடத்தில்தான் அடைப்பு. நீ பட்டினி கிடக்கக் கிடக்க அவர் இன்னும் ஆள் அனுப்பினார், இன்னும் பைகள் குவிந்தன, நார்கள் அந்தப் பாரத்திலேயே நசுங்கின. உன் நடுக்கம் அதுதான். நான் நாற்பத்தொன்றைப் பார்த்துவிட்டு, நன்றாகச் சுத்தம் நடக்கிறது என்று உனக்கு எழுதினேன்.

ஏன் அப்படி நினைத்தேன் என்பதற்கு ஒரே காரணம்தான். என்னுடையதும் முப்பத்தொன்பது. மருந்து போட்டால் நாற்பது.

அவள் கேட்டாள், "இது யாரோட செல்?"

"என்னோடது."

"நான் கேட்டது ஒப்பீட்டுக்கு எடுத்ததா, பேஷண்டோடதான்னு."

நான் தட்டின் லேபிளை மறுபடி படித்தேன். அவள் திரையைப் பார்த்தபடியே, "மருந்து நல்லாத்தான் இருந்திருக்கு" என்றாள். குத்திக்காட்ட அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது, குத்திக்காட்டவில்லை.

புரிகிறதா அக்கா? இரண்டு பேரிடமும் மருந்து வேலை செய்யவில்லை என்றதும் என் தலையில் தோன்றியது ஒன்றுதான்: நான் நன்றாக இருக்கிறேன், ஆகவே புட்டிதான் கெட்டது. அம்மாவின் பிள்ளைகளில் ஒருத்திக்கு வந்தது, மற்றவனுக்கும் வந்திருக்க ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்பு. முதல் வருட மாணவனுக்குத் தெரியும். உன் படிவத்தில் அந்தச் சதவீதத்தை எழுதியதே நான்தான். என் பெயருக்கு நேராக அதை ஒரு நிமிடம் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. அல்லது தோன்றக் கூடாது என்று இருந்தேனோ என்னவோ. இதற்கு என்னிடம் அளவீடு இல்லை.

எனக்கு இருபத்தொன்பது. உனக்குத் தொடங்கியது முப்பத்தாறில். இந்த ஒரு வாரமாக எங்கள் கட்டடத்துப் படிகளில் ஏறும்போது தொடையைக் கவனித்துக்கொண்டே ஏறுகிறேன். ஒன்றும் தெரியவில்லை. தெரியாமல் இருப்பது முன்பு போல நிம்மதியாக இல்லை. உன்னிடம் "அஞ்சு வருஷம்" என்று சொன்னேனே, அதே வரைபடத்தை எடுத்து என் வயதுக்கு விரல் வைத்துப் பார்த்தேன். உன் முகத்துக்கு நேராக அதைச் சொன்னவனை நானே அறைய வேண்டும் போலிருந்தது.

என் ரத்தத்தில் ஜீன் சோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். தட்டில் பார்த்ததை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. இப்போதுதான் இந்தப் பாடம் ஏறுகிறது. மரபியல் பிரிவில் 29-ம் தேதி காலை பத்து மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். படிவத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், நான் மறைக்கவில்லை என்பதற்கு. மாநாட்டில் காட்டிய படத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று அமைப்பாளர்களுக்கு எழுதிவிட்டேன்.

மன்னித்துவிடு அக்கா.

தம்பி


மார்ச் 12

தம்பி,

சாப்பிட்டுவிட்டேன். இரண்டு வேளை. மாமா பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினார்.

மற்றதை எழுத இப்போது கை வரவில்லை.

அக்கா


மார்ச் 21

தம்பி,

ஒன்பது நாளில் உனக்கு மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் திட்டியிருந்தேன். ஒன்றில் அழுதிருந்தேன். மூன்றாவதில் நீ சின்ன வயதில் என் முதுகில் தொற்றிக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்ததைப் பற்றி எழுதப் போய், தாளே நனைந்துவிட்டது. இதை அனுப்புகிறேன்.

நேற்று சோதனை. மாமா காலையில் டிபன் கட்டிக் கொடுத்தார். போகாதே என்று சொல்லவில்லை. ஏணிக்கடியில் டாக்டர் கடிகாரத்தோடு நின்றார். சிக்னல்காரர் வேண்டுமென்றே அந்தப் பக்கம் பெருக்கிக்கொண்டிருந்தார், அவர் வாழ்நாளில் துடைப்பத்தைத் தொட்டதில்லை. நான் முதல் படியில் கையை வைத்தேன். ஒரு வாரம் சாப்பிட்ட உடம்பு, நடுக்கம் குறைந்திருக்கிறது. ஒருவேளை ஏறிவிடலாம் என்றே தோன்றியது. அப்போது கீழே நிற்கிறவர்களைப் பார்த்தேன். எட்டு டன் சுருளின் கீழ் நாள் முழுக்க நடக்கிறவர்கள் அவர்கள். மேலே எனக்கு ஒரு தடவை கால் மடங்கினால் என் முதுகு மட்டும் போகும். சுருளை இறக்கும்போது ஒரு தடவை கை மடங்கினால்?

"ரெடியாம்மா?" என்றார் டாக்டர்.

"இல்ல சார். என் தசையில ஒரு வியாதி இருக்கு. எங்க அம்மாவுக்கும் இருந்துச்சு. ஒரு வருஷமா மறைச்சுட்டு ஏறினேன்."

அவர் கடிகாரத்தை நிறுத்தினார். ஓட ஆரம்பிக்காத கடிகாரத்தை எதற்கு நிறுத்தினார் என்று தெரியவில்லை. கேபின் சாவியை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். தரையிலிருந்து ரிமோட்டில் ஓட்டுகிற சின்னக் கிரேன் ஒன்று இரண்டாவது கிடங்கில் இருக்கிறது, மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடங்கின் பின்பக்கம் போய் உட்கார்ந்து நன்றாக அழுதேன். சிக்னல்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "யாருக்கா இனிமே எனக்கு ஊர்க்கதை சொல்றது?" என்றார். எனக்கு மறுபடியும் அழுகை வந்தது.

உன் மேல் கோபம் தீரவில்லை. இருபது நாள் பட்டினி கிடந்தேன், அதில் என்ன போயிற்றோ அது திரும்பி வருமா என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீ கொடுத்த எண்ணை நான் ஆசையோடு வாங்கிக்கொண்டேன் என்பதும் உண்மைதான். எனக்கு வேண்டிய பதிலை நீ சொன்னதால் உன்னை அன்று நல்ல விஞ்ஞானி என்று நினைத்தேன். 'சந்தேகம்' என்கிற பெண்ணிடம் என் சார்பில் நன்றி சொல். உன் சார்பில் மன்னிப்பும் கேள், அதை நீயே வாயைத் திறந்து கேட்க வேண்டும்.

படிவத்தைப் பார்த்தேன். 'உடன் வருபவர்' என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறாய். அங்கே அக்கா என்று எழுது. தனியாகப் போய் உட்கார்ந்து, டாக்டர் வாயைத் திறப்பதற்குள் நீயே முடிவைச் சொல்லிவிட்டு எழுந்து வருவாய், உன்னை எனக்குத் தெரியும். 29-ம் தேதி ஒன்பது மணிக்கே வாசலில் இருப்பேன்.

மரபியல் பிரிவு மூன்றாவது மாடி என்று போட்டிருக்கிறது. லிஃப்ட் ஓடினால் நல்லது. ஓடாவிட்டாலும் வருவேன், நேரம் பிடிக்கும். நீ முன்னால் ஓடாமல் என்னோடு ஏறு.

அக்கா